சோற்றில் ஒரு கோடு

ஜூலை 2, திங்கள்

இல்லை, பசி என்ற சொல்லை நான் எங்கும் எழுதப்போவதில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை. 'உணவு ஏற்பு' என்றொரு கட்டம் இருக்கிறது. 'தட்டில் மிச்சம்' என்றொரு கட்டம், கிராமில். பசி என்று எழுதினால் அது என் அபிப்பிராயம். அறுபத்தெட்டு கிராம் என்று எழுதினால் அது யாருடைய அபிப்பிராயமும் இல்லை.

இன்று முதல் நாள். உப்போடை, தூத்துக்குடியிலிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம். தொடக்கப்பள்ளி. அறுபத்து நான்கு பிள்ளைகள், இரண்டு வகுப்பறை, ஒரு சத்துணவுக்கூடம். பின்னால் உடைமர வேலி. வேலிக்கு அப்பால் உப்பளக் குடியிருப்பு, அதற்கும் அப்பால் உப்பளம். வெள்ளையாக, பார்க்க முடியாதபடி.

அரசுப் பள்ளி மதிய உணவுக்குப் புதிய தரநிலை எழுதுகிறது சென்னையில் எங்கள் நிறுவனம். எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு இரும்புச்சத்து, உப்பும் எண்ணெயும் எதுவரை. அதற்கு முன் இப்போது போடுவதில் பிள்ளைகள் எவ்வளவு உண்கிறார்கள், எவ்வளவு விடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். விடுவதை எடைபோடுவது என் வேலை. ஓராண்டு ஒப்பந்தம். எண்கள் சுத்தமாக இருந்தால் நிரந்தரம் என்று திட்டத் தலைவர் கிருபா மேடம் சொல்லியிருக்கிறார்.

சமையலர் பெயர் சந்தனமாரி. ஐம்பது வயதிருக்கும். என் தராசைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நகைக்கடைத் தராசுல்லா கொண்டாந்திருக்கீய. எங்க சோத்துல செய்கூலி சேதாரம் எவ்வளவு டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை என்றேன்.

"அப்ப என்ன?"

 டீச்சர் என்றே இருக்கட்டும்.


ஜூலை 3, செவ்வாய்

பிழை நடந்தது. முறைப்படிதான் செய்தேன். உண்டு முடித்த பிள்ளைகள் வரிசையில் வர வேண்டும், தட்டில் இருப்பதை நான் வாளியில் வழிக்க வேண்டும், கடைசியில் வாளியை மொத்தமாக எடைபோட வேண்டும். 'கூட்டு எடை முறை' என்று பாடத்தில் படித்தது.

ஐந்தாறு தட்டு வழித்ததும் வரிசை நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டையெல்லாம் மஞ்சள்.

"குடும்மா."

"அது எச்சி படல டீச்சர்."

"பரவாயில்லை, குடு."

"எச்சி படல," என்றாள் மறுபடியும், எனக்குக் காது கேட்காது என்பதுபோல.

வழித்துவிட்டேன். ஏற்கெனவே தட்டு வழிக்கப்பட்ட சிறுவன் ஒருவன் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். யாரும் அழவில்லை. வாளி 4.3 கிலோ. சத்துணவுக்கூட வாசலில் சந்தனமாரி கைகளை இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 

பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். வரிசை எண் 41.

இரவு துணி துவைத்தேன். உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை.


ஜூலை 5, வியாழன்

முறையை மாற்றிக்கொண்டேன். தட்டோடு எடைபோட்டு, தட்டின் எடையைக் கழித்து, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். துல்லியம் கூடும் என்று கிருபா மேடத்துக்கு எழுதினேன். அவருக்கும் மகிழ்ச்சி. 'களத்தில் சிந்திக்கிற பெண்' என்று பதில் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன்.

இன்று சாம்பார் சாதம். பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் கவனித்தேன். தட்டில் சோறு விழுந்ததும் சுண்டுவிரலால் குறுக்கே ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் உண்கிறார்கள். அந்தப் பக்கம் விரல் படுவதில்லை. குறிப்பேட்டில் படம் வரைந்து வைத்தேன். விளையாட்டாக இருக்கலாம். அல்லது சுவை பிடிக்காத பகுதியை ஒதுக்குவது.

முட்டையில் மிச்சமே இல்லை. அறுபத்து நான்கு தட்டிலும் பூச்சியம். முட்டை ஏற்பு நூறு சதவீதம்.

இசக்கியம்மாள் தட்டைத் தராசில் வைக்கும்போது வாயைத் திறந்து காட்டினாள். "பல்லுல ஒட்டினத எடை போடலயா டீச்சர்?" வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.


ஜூலை 9, திங்கள்

காய்கறி பிரியாணி. சராசரி மிச்சம் 66.


ஜூலை 10, செவ்வாய்

69.


ஜூலை 11, புதன்

தக்காளி சாதம். 68. எந்த உணவானாலும் அதே எண். சுவைதான் காரணமென்றால் இப்படி இருக்காது. உணவு மாறினால் மிச்சமும் மாற வேண்டும். அரிசி அளவு கூடுதல் என்பதற்கு இது நல்ல சான்று. அப்படித்தான் குறித்தேன்.

தராசுக்குப் பேட்டரி வாங்க வேண்டும். குடைக்கம்பி ஒடிந்துவிட்டது.

அம்மா போனில் கேட்டாள், "சாப்பிட்டியா?" மூன்று முறை கேட்டாள். மதுரையிலிருந்து அவளால் செய்ய முடிந்தது அதுதான்.


ஜூலை 13, வெள்ளி

எடைபோட்ட தட்டுகள் எங்கே போகின்றன என்று இதுவரை நான் பார்க்கவில்லை. என் வேலை தராசோடு முடிந்துவிடுகிறது.

இன்று பேட்டரி செத்துவிட்டது. கடைசி இருபது தட்டை எடைபோட முடியவில்லை. சும்மா நின்றேன். அதனால் பார்த்தேன்.

பிள்ளைகள் தட்டோடு கூடத்தின் பின்புறம் போனார்கள். உடைமர வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு இடைவெளி. அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள். மூன்று வயது, நான்கு வயது, இடுப்பில் ஒன்று. மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அது வரிசை என்பதே என்னை என்னவோ செய்தது. யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

இசக்கியம்மாள் தன் தட்டின் அந்தப் பாதியைத் தங்கைக்கு ஊட்டினாள். பாவாடை மடியிலிருந்து முட்டையை எடுத்தாள். உதிர்த்து, மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்தாள். வெள்ளைக்கருவைத் தங்கையின் கையில் கொடுத்தாள். தான் விரலை மட்டும் நக்கிக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும் ஊட்டுவதை நிறுத்தினாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.


ஜூலை 14, சனி

அறையில் இருந்தேன். தலைக்குக் குளித்தேன். முடி கொட்டுகிறது.


ஜூலை 16, திங்கள்

இசக்கியம்மாள் தட்டின் மிச்சத்தைப் பற்றிச் சந்தனமாரி அக்காவிடம் கேட்டேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது. திரும்பாமலே பேசினார்.

"அது மிச்சம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? பங்கு அது. இவ தங்கச்சி பேச்சிக்குள்ள பங்கு. இவ ஆத்தா விடியக்கால மூணு மணிக்கு உப்பளத்துக்குப் போனா வெயில் ஏறித்தான் வருவா. வந்து விழுந்து கெடப்பா. பாத்தியில நின்னு கால் வெடிச்சவ எப்ப அடுப்புப் பத்த வைக்க?"

"அங்கன்வாடி?"

"மெயின் ரோட்டுல இருக்கு. ரெண்டு மைலு. மூணு வயசுப் பிள்ள லாரிக்கு ஊடால நடந்து போகுமா? நீங்க நடந்து பாருங்க."

"கோடு போடச் சொன்னது நீங்களா?"

"பின்ன? எச்சிச் சோத்தத் தம்பி தங்கச்சிக்கு ஊட்டினா சீக்கு வருமில்ல. மொதல்ல பங்க ஒதுக்கு, அப்புறம் தின்னுன்னு சொன்னேன். பத்தொம்பது பிள்ளைங்க வேலிக்கு அந்தாண்ட. தங்கச்சி தம்பி இல்லாத பிள்ளைங்களும் போடும், பக்கத்து வீட்டுக்குன்னு. நல்ல பிள்ளைங்க." பருப்பைக் கிளறிவிட்டு, "ஒங்க படிப்புல இது இல்லியா?" என்றார்.

பிறகு வேறு ஏதோ சொன்னார். அடுப்புப் புகை கண்ணில் ஏறியிருந்தது. நான் தலையாட்டினேன்.


ஜூலை 17, செவ்வாய்

தலைமையாசிரியர் ஞானராஜ் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வேலியைப் பார்த்தது எப்படியோ தெரிந்திருக்கிறது. சர்க்கரை இல்லாத தேநீர் வரவழைத்தார், எனக்கும் சேர்த்து.

"எழுதிராதீங்கம்மா. பள்ளிக்கூடத்துச் சோறு பள்ளிக்கூடத்துக்குள்ளதான் தின்னணும், அது சட்டம். எழுதினீங்கன்னா நாளைக்கே வேலிய அடைச்சுக் கம்பி போட்டுருவான். அந்த அம்மாளுக்கு மெமோ வரும். எனக்கும் வரும், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. யாருக்கு என்ன லாபம்?"

"அப்படியானால் மிச்சம் என்று எழுதுவேன் சார்."

"எழுதுங்க. மிச்சம்தானே? தட்டுல இருக்கு, தின்னல. பொய்யா?"

பொய்யில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சந்தனமாரி அக்காவின் வேலை முக்கியம். அவரை நினைத்தால் எழுத முடியாது.


ஜூலை 18, புதன்

68.


ஜூலை 27, வெள்ளி

அறிக்கை முடித்தேன். பதினாறு நாள், அறுபத்து நான்கு பிள்ளைகள். ஒரு தட்டில் சராசரியாக விழுவது 280 கிராம். மிச்சம் 68. இருபத்து நான்கு சதவீதம்.

குறிப்புரைக்கு நான்கு வரி இடம் இருந்தது. ஒரு மணி நேரம் அந்த நான்கு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பிள்ளைகள் உணவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் பழக்கம் காணப்படுகிறது' என்று எழுதினேன். உண்மைதானே. புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குப் புரியும்.

சந்தனமாரி அக்காவுக்காகத்தான்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். குடைக்குக் கம்பி போட்டேன்.


ஆகஸ்ட் 20, திங்கள்

கிருபா மேடம் சென்னைக்கு அழைத்திருந்தார். குளிர்ந்த அறை, பெரிய மேசை, நடுவில் பிளாஸ்டிக் தட்டில் முந்திரி. நான்கு பேர் என் அட்டவணையைத் திரையில் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன், பெருமையாக இருந்தது.

மிச்சம் பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் அளவைத் திருத்தலாம் என்று திட்டத்தில் ஒரு விதி. தாண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்பது எழுபத்தைந்தாகும். குறைகிற அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகு உருண்டை, கொண்டைக்கடலை, கீரை. காகிதத்தில் பார்த்தால் இதுவரை இருந்ததைவிட நல்ல உணவு. புரதம் கூடுகிறது, இரும்பு கூடுகிறது. நான் படித்ததெல்லாம் இதற்காகத்தான்.

"அரிசி குறைவது..." என்று ஆரம்பித்தேன்.

கிருபா மேடம் புன்னகைத்தார். நல்லவர்தான். "தாரணி, வீணாகிறதைத்தானே எடுக்கிறோம்? யார் வயிற்றிலிருந்தும் எடுக்கலையே. உன் எண்தானே சொல்லுது?"

குறிப்புரையை யாரும் திரையில் காட்டவில்லை. நானும் நினைவூட்டவில்லை. கூட்டம் நாலரைக்கு முடிந்தது. முந்திரி மிச்சம் இருந்தது.


செப்டம்பர் 12, புதன்

காய்ச்சல். கஞ்சி.


அக்டோபர் 3, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. புதிய அளவு இன்று முதல்.

வேனில் புதிய கரண்டி வந்தது. பளபளப்பான எஃகு, உள்ளே ஓர் அளவுக்கோடு. கேழ்வரகு உருண்டை வரவில்லை. அது இரண்டாம் கட்டம். கொண்டைக்கடலை ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. கீரையைப் பள்ளியே வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. இங்கே கிணற்றில் உப்பு.

சந்தனமாரி அக்காவின் பழைய கரண்டியை வேன்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்.

"அதயுமா?" என்றார் அக்கா.

"ரெண்டு கரண்டி இருந்தா ரெண்டு அளவு வரும்ங்கம்மா," என்றார் அவர். சரியான பதில்.


அக்டோபர் 4, வியாழன்

மழைக்காலம் தொடங்கினால் அளத்தில் வேலை இல்லை. ஜனவரி வரை இல்லை. இது எனக்கு ஜூலையிலேயே தெரியும். ஊரின் தொழில் விவரம் என்ற கட்டத்தில் நானே நிரப்பியிருக்கிறேன்: 'பருவத் தொழில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருமானம் இல்லை.'

வேலிக்கு அந்தப் பக்கம் இன்று இருபத்திரண்டு பிள்ளைகள்.


அக்டோபர் 8, திங்கள்

இரண்டாம் சுற்று அளவீடு தொடங்க வேண்டும். அளவைக் குறைத்த பிறகு மிச்சம் குறைந்ததா என்று பார்ப்பதற்கு.

தட்டில் 210 கிராம். பிள்ளைகள் கோடு போட்டார்கள்.

நான் கோட்டைத்தான் பார்த்தேன். கோடு நகரவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் இருந்த அதே அளவு. குறைந்தது இந்தப் பக்கம்.

முதல் தட்டு 67. இரண்டாவது 70. மூன்றாவது 68.

280இல் 68 விட்டார்கள். உண்டது 212. 210இல் 68 விடுகிறார்கள். உண்பது 142.

சதவீதம் முப்பத்திரண்டு. இந்த எண் சென்னைக்குப் போனால் விதிப்படி மீண்டும் குறைப்பார்கள். அப்போதும் கோடு நகராது.

இசக்கியம்மாள் தட்டை வைத்தாள். இன்று பல்லைக் காட்டவில்லை. "சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். ஏதோ நான் சரியாக இருக்கச் சொன்ன மாதிரி.


அக்டோபர் 9, செவ்வாய்

உண்மையான எண்ணைப் பென்சிலில் எழுதி, அழித்து, மையில் வேறு எண் எழுதினேன். 5. 3. 6. 4. எல்லாம் பூச்சியமாக இருந்தால் நம்பமாட்டார்கள்.

மிச்சம் இல்லையென்றால் மேற்கொண்டு குறைக்க முடியாது. இது என் கணக்கு. கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் பிழையில்லாத தரவு என்று பாராட்டு வாங்கியவள். அழித்த தூளை ஊதித் தள்ளினேன். 


அக்டோபர் 15, திங்கள்

சந்தனமாரி அக்காவிடம் சொன்னேன், எண்களை மாற்றிவிட்டேன் என்று. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நன்றியை எதிர்பார்த்திருக்கலாம்.

புதிய கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"இனியும் குறைக்காமல் இருக்க. உங்களுக்காகத்தான் அக்கா. முதல் தடவையும் உங்களுக்காகத்தான் எழுதவில்லை. உங்களுக்கு மெமோ வரும் என்று சார் சொன்னார்."

கரண்டியைக் கவிழ்த்து வைத்தார். "எனக்காகன்னா? நான் கேட்டனா?"

"நீங்கள் கேட்கவில்லை, ஆனால்..."

"அன்னைக்கே சொன்னேன்லா, பருப்பு வேகையில. எழுதுங்கன்னு சொன்னேன். எம் பேரப் போட்டே எழுதுங்க, பத்தொம்பது பிள்ளைங்கன்னு தலைய எண்ணி எழுதுங்கன்னு. வேல போனா நான் அளத்துக்குப் போறேன், அம்புட்டுதான, முன்ன பாத்த வேலதான. இந்தப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு படி அரிசி சேத்துக் குடுப்பான்லா, யாராவது ஒருத்தன் படிச்சா. நீங்க நல்லாத் தலைய ஆட்டுனிய."

"புகை... கேட்கவில்லை."

"கேக்காமயா ஆட்டுனிய?"

சிரித்தார். கோபப்பட்டிருக்கலாம். "போங்க டீச்சர். ஒங்களுக்கும் ஒரு அடுப்பு இருக்கும்ல, அது எரியணும்லா."

அன்று அவர் சொன்னது கேட்டதா என்று யோசித்துப் பார்க்கிறேன். புகை இருந்தது. அது உண்மை.


நவம்பர் 2, வெள்ளி

நாள் முழுக்க மழை. பேருந்து வரவில்லை. அறையில் ரவை உப்புமா.


நவம்பர் 19, திங்கள்

கிருபா மேடம் போனில். குரலே சிரித்தது.

"மிச்சம் இரண்டு சதவீதம், தாரணி. முப்பது பள்ளியில உன் பள்ளி முதல். அளவு அப்படியே பொருந்திடுச்சு. இதைவிடத் தெளிவா யாரும் நிரூபிக்க முடியாது. பிள்ளைங்களுக்குத் தேவை எழுபத்தைந்துதான். மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகச் சம்மதிச்சிட்டாங்க."

"உருண்டை இன்னும் வரலை மேடம்."

"வரும். ஆனா பாரு, உருண்டை இல்லாமலேயே மிச்சம் குறைஞ்சிருக்கு. சுவையைப் பத்தி நாமதான் அதிகம் கவலைப்பட்டோம்."

வைக்கும்முன் சொன்னார்: "உன் ஆர்டர் ரெடியாகுது. கள ஒருங்கிணைப்பாளர். நிரந்தரம்."

நன்றி என்றேன். சொல்லாமலிருக்க முடியாதா என்று பிறகு யோசித்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.


நவம்பர் 20, செவ்வாய்

உண்மையை எழுதினால் பிள்ளைகள் விடுகிறார்கள் என்று குறைக்கிறார்கள். பொய்யை எழுதினால் பிள்ளைகள் விடவில்லை, போதுமானது என்கிறார்கள். இரண்டு வழியிலும் அதே கரண்டி.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அது ஜூலையில், நான்கு வரி அகலத்தில் இருந்தது.


நவம்பர் 24, சனி

மின்னஞ்சல் எழுதினேன். முதல் சுற்றில் மிச்சம் என்று நான் குறித்தது மிச்சம் அல்ல, இரண்டாம் சுற்று எண்கள் நானே இட்டவை, பத்தொன்பது பிள்ளைகள் இப்போது இருபத்திரண்டு. ஒரு பக்கம். நல்ல மொழி. மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் மிக நன்றாக அமைந்துவிட்டது. அதை இரண்டு முறை படித்தேன், அதனாலேயே அதன்மேல் சந்தேகம் வந்தது.

வரைவில் இருக்கிறது.


டிசம்பர் 3, திங்கள்

பள்ளியில் உயரமும் எடையும் எடுத்தோம்.

வரிசை எண் 41. இசக்கியம்மாள். ஜூலையில் 21.4 கிலோ. இன்று 20.1.

ஜூலையில் எடுத்த தராசு வேறு. சீருடையும் வேறாக இருக்கலாம். மழையில் நனைந்த பாவாடையை மாற்றிவிட்டு மெல்லிய ஒன்றைக் கட்டிவந்திருந்தாள். இந்த வயதில் எடை ஏறி இறங்கும். வளர்கிற பிள்ளை, உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது.

நாற்பத்தொன்று தவிர இன்னும் இருபத்தேழு பேருக்குக் குறைந்திருக்கிறது. அவர்களில் எல்லோரும் பாவாடை கட்டுகிறவர்கள் இல்லை.

"எத்தன டீச்சர்?" என்று எட்டிப் பார்த்தாள் இசக்கியம்மாள்.

"இருபது."

"பேச்சி எத்தன இருப்பா? அவளயும் தூக்கிட்டு வரட்டா? அவ இப்ப கனமாயிட்டா."

பட்டியலில் இல்லாதவர்களை எடைபோட முடியாது என்று சொன்னேன். "சும்மாவாச்சும்," என்றாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.


டிசம்பர் 5, புதன்

பிரார்த்தனைக் கூட்டத்தில் இசக்கியம்மாள் மயங்கி விழுந்தாள். ஞானராஜ் சார் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள், பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை என்று என்னிடம் சொன்னார். சந்தனமாரி அக்கா அவளைக் கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு போய் மடியில் கிடத்திக்கொண்டார்.

மதியம் அக்கா அவள் தட்டில் இரண்டு கரண்டி போட்டார், என் கண் முன்னால், என்னைப் பார்த்துக்கொண்டே. "எழுதிக்கிடுங்க," என்றார்.

எழுதவில்லை. இசக்கியம்மாள் கோட்டைத் தட்டின் நடுவில் போட்டாள். கூடுதலாக வந்ததில் பாதியும் அந்தப் பக்கம் போனது. அக்கா அவள் கையைப் பிடித்து, "ஏட்டி, ஒனக்குப் போட்டது. நீ தின்னு" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு தட்டோடு வேலிக்குப் போனாள்.


டிசம்பர் 14, வெள்ளி

ஞானராஜ் சாரிடம் கேட்டேன், நான் இப்போது எழுதினால் என்ன ஆகும்?

"எப்பவோ எழுதியிருக்கணும்மா," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எழுதினா ஒங்க மொத ரிப்போர்ட் பொய்யா, ரெண்டாவது பொய்யான்னு கேப்பான். ரெண்டும்னு சொல்லுவீங்க. அப்ப மூணாவத எவன் நம்புவான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.


டிசம்பர் 21, வெள்ளி

பணி ஆணை வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாளாம். "பிள்ளைங்க வயித்துக்குச் சோறு போடற வேலை, புண்ணியம்டி" என்றாள்.

மின்னஞ்சல் வரைவைத் திறந்தேன். நன்றாக எழுதப்பட்டிருந்தது. மூடினேன்.


ஜனவரி 4, வெள்ளி

உப்போடைக்குக் கடைசியாகப் போனேன், தராசைத் திருப்பி எடுத்துவர. அளத்தில் இன்னும் வேலை தொடங்கவில்லை. சந்தனமாரி அக்கா கூடத்தில் இல்லை. மாவட்டம் முழுக்க அரிசி குறைந்ததால் சமையலர் தேவையும் குறைகிறதாம், இரண்டு பள்ளிக்கு ஒருவர். வாரத்தில் மூன்று நாள் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகிறார். அங்கே ஒன்பது மணிக்குள் போய்ச் சேர ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்கிறார்.

அந்த நாள்களில் உப்போடையில் சமைப்பது தினக்கூலிக்கு வந்த ஒரு புதுப்பெண். கரண்டியை அளவுக்கோடு வரை நிரப்பி, மேலே நின்றதைக் கையால் வழித்து, போடுகிறாள். மிகச் சரியாக.

வேலி இடைவெளியை யாரும் அடைக்கவில்லை. அந்தப் பக்கம் எண்ணினேன். இருபத்தாறு.

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள். கும்பிடவில்லை, ஒளியவில்லை. தட்டை மண்ணில் வைத்துவிட்டு, பேச்சியை இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் காட்டினாள், எடை பார்த்துக்கொள் என்பதுபோல. குழந்தை காலை உதைத்துச் சிரித்தது. கன்னம் உப்பியிருந்தது. தூக்கிய கைகளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.


ஜனவரி 7, திங்கள்

மற்ற பள்ளிகளுக்கான களப்பணியாளர் பயிற்சி இன்று தொடங்கியது. முப்பத்திரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் என்னைவிட இளையவர்கள். காலை பத்து மணிக்குத் தராசைப் பூச்சியத்தில் நிறுத்துவது எப்படி, வெறும் தட்டின் எடையைக் கழிப்பது எப்படி என்று செய்து காட்டினேன்.